முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எப்போது தேவை?

குடமுருட்டி காவிரியிலிருந்து பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் முழங்கால் இரண்டு விதமாகக் கெடும். கபடியில் ஊன்றிய கால் அப்படியே நிற்க, உடல் மட்டும் திரும்பி, நொடியில் ஜவ்வு அறுவது ஒன்று. சேற்றிலும் வரப்பிலும் உழைத்து ஐம்பது வயதுக்கு மேல் மெல்லத் தேய்வது மற்றொன்று. இரண்டுக்குமே தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுத்துவிடத் தோன்றுகிறது. முதலாவதற்கு அது பெரும்பாலும் பொருந்தும்; இரண்டாவதற்குப் பல நேரம் தேவையே இல்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல் முப்பதாயிரம் மடங்குக்கு மேல். அதற்குள் ரேடியோ அலையைச் செலுத்தினால், உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பதில் சமிக்ஞை தரும். அதைப் படமாக்க வழி கண்ட பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நார் இறுகிய ஜவ்வு படத்தில் கறுப்பாக விழும். அது கிழிந்து இடையில் நீர் புகுந்திருந்தால், கறுப்பின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும்.

அந்தக் கோடுதான் வலிக்குக் காரணமா? அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்காலைப் படமெடுத்த ஆய்வு 2008-இல் வெளியானது. ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதம் முழுக்க வலியோ இறுக்கமோ இருக்கவில்லை. அதாவது, நரை போல வயதோடு வரும் கிழிசலும் உண்டு. பின்லாந்தில் இப்படித் தேய்ந்து கிழிந்த ஜவ்வைச் சீவி எடுத்தவர்களையும், சீவாமல் பெயரளவுக்கு அறுவை செய்யப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்தும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2013-இல் அறிவித்தார்கள்.

கதிர்வீச்சு இல்லாத சோதனைதானே, எடுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். செலவும் ஒரு நாள் கூலியும் போவதோடு, தேவையற்ற அறுவைக்கும் அந்தப் படம் வழி திறந்துவிடும். எடுக்காமல் விட்டு, ஏதேனும் தப்பிப்போனால் என்ற பயமும் நியாயமே. அதற்குத்தான் மருத்துவரின் கை இருக்கிறது: காலை மடக்கி, முன்னே இழுத்து, திருகிப் பார்த்தே ஜவ்வின் நிலையைப் பெரும்பாலும் கணித்துவிடுவார். அடிபட்ட சில மணி நேரத்தில் முட்டி வீங்கினாலோ, நடக்கையில் கால் நழுவினாலோ, நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ தாமதிக்காமல் அவரிடம் போக வேண்டும். அப்போது ஸ்கேன் மிகவும் பயன்படும். மற்ற நேரங்களில், இந்தப் படம் சிகிச்சையை எப்படி மாற்றும் என்று அவரிடமே கேளுங்கள். மாற்றாது என்றால், அந்தப் பணத்தையும் நேரத்தையும் தொடைத் தசைக்கான பயிற்சிக்குச் செலவிடுவதே முழங்காலுக்கு நல்லது.