வேலை கிடைச்சாச்சு... தொழில்?

பத்தாவது ரிசல்ட் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. “அம்மா, எதிர்வீட்டு அண்ணன் கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம். நானும் போறேம்மா!” என்று பையன் வந்து நிற்பான். கடன் ஒரு பக்கம், தங்கச்சியின் படிப்பு ஒரு பக்கம். “சரி, ஒரு வருஷம் போயிட்டு வா, அப்புறம் படிச்சுக்கலாம்” என்று தாயும் சொல்லிவிடுவாள். அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வருவதே இல்லை!

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் இந்த ஆசைக்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் காஞ்சிபுரம் பட்டுத் தறி. இன்னொரு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். ஏரியில் தண்ணீர் இல்லாத வருஷம் வயலில் வேலை ஏது? மாதச் சம்பளம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

தவறு சம்பாதிப்பதில் இல்லை, சகோதரிகளே. வேலை செய்வது வேறு, தொழில் கற்பது வேறு. அதை நாம் மறந்துவிடுவதுதான் தவறு.

தறியையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிப் பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்யும் ‘கோர்வை’க்கு நெசவாளியோடு இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் பல காலம் சிறு பிள்ளைகளைத்தான் உட்கார வைத்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளை தறிக்குப் போவான். பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளத் தெரிந்ததே தவிர, பாவு போடவோ, முழுப் புடவை நெய்யவோ பலருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வருஷங்கள் போயின; ஆள் வளர்ந்தான், தொழில் வளரவில்லை. இன்று 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதே சட்டப்படி குற்றம். 2016-ல் வந்த திருத்தத்தின்படி 18 வயது வரை ஆபத்தான வேலைகளுக்கும் தடை.

“அது பழைய கதை, இப்ப பெரிய பெரிய கம்பெனி வந்தாச்சே” என்பீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த கையோடு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே சேர்ந்தார்கள். யூனிபாரம், கம்பெனி பஸ், முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை... பெருமையான நாட்கள்தான்! ஆனால் 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. கையில் கொஞ்சம் பணம் வந்தது. ஆனால் வருஷக்கணக்காக வரிசையில் நின்று ஒரே பாகத்தைப் பொருத்திய கைக்கு வெளியே என்ன வேலை? எடுத்துக் காட்ட ஒரு தொழில் சான்றிதழ் பலரிடம் இல்லை. கதவு மூடும்போது கூடவே வருவது, கற்றது மட்டும்தான்.

உத்திரமேரூர் கல்வெட்டு நமக்குப் பெருமை. முதலாம் பராந்தகன் காலத்தில், சுமார் 920-ல், குடவோலைத் தேர்தலுக்கு எழுதிய விதிகள் அவை. வாரியத்துக்கு வருபவருக்குக் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். படிப்பும் கட்டாயம். ஆனால் அரைக்கால் வேலி மட்டுமே இருப்பவர் இன்னும் அதிகம் கற்றிருந்தால் அதுவும் போதும் என்று விட்டார்கள். பாதி நிலத்துக்குப் படிப்பு ஈடு! அந்தப் படிப்பு அன்று எல்லோருக்கும் எட்டவில்லை; சபையில் பெண்களுக்கு இடமும் இல்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு எட்டுகிறதே, அதை விடலாமா?

உடம்பையும் பாருங்கள். வளரும் வயதில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை, இரவு ஷிப்ட், சாப்பாட்டுக்குப் பதில் டீயும் பன்னும். பெண் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ரத்தசோகை அதிகம். வேலைக்குப் போகிற பெண்ணின் டப்பாவில் முருங்கைக்கீரை, பயறு, கூடவே ஒரு நெல்லிக்காய் கட்டாயம் இருக்கட்டும்.

சரி, என்ன செய்யலாம்?

* எட்டாவது முடித்தவர்களுக்கே ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. பத்தாவது தேறினால் பிட்டர், எலக்ட்ரீஷியன். பெண்களும் சேரலாம்.

* இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை.

* சம்பாதித்தே ஆகவேண்டுமா? அப்ரண்டிஸ் பயிற்சி கேளுங்கள். 1961-ம் வருஷச் சட்டப்படி, கற்கும்போதே உதவித்தொகை கிடைக்கும். கடைசியில் சான்றிதழும் உண்டு.

* அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மேலே படிக்க மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் வந்தன: பெண்களுக்கு 2022-ல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன். விவரத்தைப் பள்ளியில் கேளுங்கள்.

* பத்தாவதில் தவறியவர் அதோடு முடிந்தது என்று உட்கார வேண்டாம். துணைத்தேர்வு எழுதலாம்.

அப்படியும் பிள்ளை வேலைக்குத்தான் போவேன் என்றால் திட்டாதீர்கள். ஏஜெண்டிடம் நாலு கேள்வி கேளுங்கள். வேலை கம்பெனியிலா, கான்ட்ராக்டரிடமா? பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா? எத்தனை மணி நேரம்? என்ன கற்றுத் தருவீர்கள், அதற்கு என்ன சான்றிதழ்? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், பஸ் ஏறும் முன்னே இன்னொரு தடவை யோசியுங்கள். முன்பணம் என்று நீட்டினால் மட்டும் கையை நீட்டாதீர்கள். அந்தப் பணம் இன்றைக்கு நம் கடனை அடைக்கும். நாளைக்குப் பிள்ளையின் வழியை அடைத்துவிடும்.