நாவடக்கமும் அரசநீதியும்: அசோகரின் சமயக் கொள்கை

சென்னை அசோக் நகரின் சிங்கத் தூண் பலருக்கும் அறிமுகமானது. அந்நகருக்குப் பெயர் தந்த மௌரியப் பேரரசரின் அசல் தூண்களுள் ஒன்று, தில்லியில் ஒரு முஸ்லிம் மன்னரின் கோட்டையில், ஜாமிஆ பள்ளிவாசலுக்கு அருகே நிற்கிறது. சுல்தான் ஃபீரோஸ் ஷா துக்ளக் (1351–1388) அதனைத் தோப்ராவிலிருந்து பெயர்த்து, இலவம்பஞ்சின்மேல் சாய்த்து, 42 சக்கர வண்டியிலும் பின்னர் யமுனையில் படகுகளிலும் கொணர்ந்ததை வரலாற்றாசிரியர் ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் விரித்துரைக்கிறார். அதன் எழுத்தைப் படிக்க அழைக்கப்பட்ட பிராமணர்களால் இயலவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தார்.

அத்தூணின் ஏழாம் சாசனம், பௌத்த சங்கத்தார், பிராமணர், ஆசீவகர், சமணர் ஆகியோரின் நலன் பேணத் தரும மகாமாத்திரர் என்னும் அதிகாரிகள் பணிக்கப்பட்டிருந்ததைத் தெரிவிக்கிறது. அசோகரோ பௌத்த உபாசகர். தம் சமயத்தை அவர் மறைக்கவுமில்லை, பிறர்மீது சுமத்தவுமில்லை. எல்லாச் சமயத்தாரையும் பேணுவது அரசரின் பெருந்தன்மையோடு நில்லாமல், அரசாங்க உத்தியோகமாகவே ஆயிற்று.

இக்கொள்கையின் உயிர்நாடி பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தில் உள்ளது. கொடையையும் மரியாதையையும்விட ஒவ்வொரு சமயத்திலும் சாரம் வளர்வதையே அரசர் பெரிதாக மதிக்கிறார். அதற்கு வேர் நாவடக்கம் என்கிறார். காந்தகாரில் கிடைத்த இதன் கிரேக்க வடிவமும் நாவடக்கத்தையே முன்னிறுத்துகிறது. நம் அரபு நூல்கள் 'ஹிஃப்ழுல் லிஸான்' எனப் பேசும் அறம் இங்கு ஆட்சிக் கொள்கையாகிறது. காரணம் கூறும் முறையே சிந்தனைக்குரியது: பற்று மிகுதியால் பிறர் சமயத்தை இழிப்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்கிறார் அசோகர். பிறர் வணங்குபவற்றை ஏச வேண்டாமெனத் தடுக்கும் திருக்குர்ஆன் வசனமும் (6:108), அவ்வாறு ஏசினால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசுவர் எனக் காரணம் காட்டுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென நாம் வாதிடவில்லை.

அவர் கொள்கைக்கு எல்லைகளும் இருந்தன. முதற் பாறைச் சாசனம் வேள்விப் பலியைத் தடுத்தது. சங்கத்தைப் பிளக்கும் துறவியர் வெளியேற்றப்பட வேண்டுமென வேறொரு சாசனம் ஆணையிட்டது. நூறாயிரம் பேர் மாண்டதாக அவரே வருந்தும் கலிங்கத்தில் பன்னிரண்டாம் சாசனம் பொறிக்கப்படவேயில்லை.

பீகாரின் பராபர் குன்றில் அவர் தம் 12-ஆம் ஆட்சியாண்டில் ஆசீவகருக்குக் குகைகள் குடைந்தளித்தார். தம் சமயம் சாராதாருக்கு அளித்த அக்கொடையைப் பாறை இன்றும் சொல்கிறது. ஆனால் பிற்காலத்தில் எவரோ, அக்குகைக் கல்வெட்டுகள் சிலவற்றில் 'ஆசீவகர்' என்னும் பெயரை மட்டும் உளியால் சிதைத்திருக்கின்றனர்.