கலையில் பெர்சியஸ்

பெர்சியஸ் கிரேக்கத் தொன்மவியலில் வரும் வீரர்களுள் ஒருவன். பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவின் தலையைக் கொய்தவன் என்றும், கடல் விலங்குக்கு இரையாகக் கட்டப்பட்டிருந்த இளவரசி அந்திரோமேடாவை மீட்டவன் என்றும் அறியப்படுகிறான். கி.மு. 7ஆம் நூற்றாண்டு முதல் இன்று வரை ஏறத்தாழ 2,700 ஆண்டுகளாக இவனுடைய உருவம் மட்பாண்டம், கற்சிற்பம், சுவரோவியம், வெண்கலச் சிலை, விண்மீன் வரைபடம், திரைப்படம் எனப் பலவற்றில் படைக்கப்பட்டு வந்துள்ளது. இவ்வுருவங்களில் பெர்சியஸை அடையாளம் காண்பது எளிது. பெரும்பாலும் அவன் கையில் ஒரு தலை இருக்கும்; அவன் முகம் அதைப் பாராமல் திரும்பியிருக்கும். ஆனால் அது அரக்கியின் தலையா, ஒரு பெண்ணின் தலையா என்பதற்குக் கலைஞர்கள் காலந்தோறும் வெவ்வேறு விடை தந்துள்ளனர். வீரனின் தோற்றமும் அந்த விடையைப் பொறுத்தே மாறி வந்துள்ளது.

கதைச் சுருக்கம்

ஆர்கோஸ் அரசன் அக்ரிசியஸ், தன் மகள் டனாயீக்குப் பிறக்கும் மகனால் தனக்குச் சாவு நேரும் என்ற குறி கேட்டு அவளைச் சிறைவைத்தான். சீயஸ் பொன்மழையாக இறங்கி அவளைச் சேர்ந்ததால் பெர்சியஸ் பிறந்தான். அரசன் தாயையும் சேயையும் பெட்டியில் அடைத்துக் கடலில் விட்டான். அவர்கள் செரிபோஸ் தீவில் கரையொதுங்கினர். அத்தீவின் அரசன் பாலிடெக்டஸ் டனாயீயை அடைய விரும்பினான்; வளர்ந்து நின்ற மகன் அதற்குத் தடையாக இருந்ததால், மெடூசாவின் தலையைக் கொண்டுவரும்படி அவனை அனுப்பிவைத்தான்.

ஹெர்மஸ், அத்தீனா ஆகிய தெய்வங்களின் துணையுடன் சிறகு முளைத்த காலணி, அணிந்தவரை மறைக்கும் தொப்பி, அரிவாள் போல் வளைந்த வாள், தலையை இட்டுவைக்க ஒரு பை ஆகியவற்றை அவன் பெற்றான். கலைப்படைப்புகளில் அவனை இனங்காட்டுவன இப்பொருட்களே. உறங்கிக்கொண்டிருந்த மெடூசாவின் தலையை அவன் வெட்டியபோது அவள் கழுத்திலிருந்து பெகாசஸ் என்னும் சிறகுக் குதிரையும் கிரிசாவோரும் தோன்றினர். திரும்பும் வழியில் எத்தியோப்பிய அரசன் செபியஸின் மகள் அந்திரோமேடாவை மீட்டு மணந்துகொண்டான்.

மெடூசா பிறவியிலேயே அரக்கி என்பது பழைய கதை. ரோமானியக் கவிஞர் ஓவிட், கி.பி. 8 அளவில் எழுதி முடித்த 'உருமாற்றங்கள்' என்னும் நூலில் வேறு விதமாகக் கூறினார். அதன்படி அவள் முன்பு பேரழகி. கடல் தெய்வம் அத்தீனாவின் கோயிலிலேயே அவளைப் பலவந்தம் செய்தது. தண்டனை மட்டும் அவளுக்கே கிடைத்தது. அவள் கூந்தலை அத்தீனா பாம்புகளாக்கினாள். பிற்காலக் கலைஞர்கள் பலரும் கிரேக்க மொழியில் அன்றி ஓவிட் வழியாகவே இக்கதையை அறிந்தனர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பழங்கிரேக்கக் கலை

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய உருவங்களுள் ஒன்று பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள பெரிய தாழியாகும். பியோத்தியாவில் கிடைத்த இத்தாழி கி.மு. 670 - 660 அளவில் செய்யப்பட்டது. இதில் மெடூசா பாதி பெண், பாதி குதிரை. பெர்சியஸ் அவள் கழுத்தில் வாளை வைத்தபடி முகத்தைப் பின்னால் திருப்பிக்கொள்கிறான். பாம்புக் கூந்தல் போன்ற அடையாளங்கள் நிலைபெறாத காலத்திலேயே, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்த அசைவு இடம்பெற்றுவிட்டது வியப்புக்குரியது.

ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்த எலூசிஸ் தாழியில் தலையிழந்த மெடூசா கிடக்கிறாள். அவளுடைய உடன்பிறந்தவர் இருவர் கொப்பரை போன்ற முகத்துடன் துரத்திவர, அத்தீனா இடையில் நின்று தடுக்கிறாள். சிசிலித் தீவின் செலினுஸ் நகரக் கோயிலுக்காகக் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட புடைப்புச் சிற்பம் இன்று பலெர்மோ அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் மெடூசா மட்டுமல்லாமல் பெர்சியஸும் அத்தீனாவும் கூட நேராக நம்மையே பார்க்கின்றனர்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அக்காலக் குவளை ஓவியங்களில் மாந்தர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் காட்டப்படுவர். மெடூசாவின் முகமோ நேர்முகமாக, பல்லை இளித்து, நாக்கை வெளியே நீட்டியபடி வரையப்பட்டது. அதாவது, பெர்சியஸ் பார்க்க அஞ்சும் முகத்தைக் குவளையைக் கையில் எடுப்பவர் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பாலிக்னோட்டஸ் என்னும் குவளை ஓவியர் கி.மு. 450 - 440 அளவில் வரைந்த ஒரு சாடி உள்ளது. அதில் மெடூசா சிறகுடைய இளம்பெண். கோரைப்பல் இல்லை, பாம்பும் இல்லை. தலைக்குக் கை கொடுத்து அயர்ந்து உறங்குகிறாள். பெர்சியஸ் வழக்கம் போல் முகத்தைத் திருப்பியபடி அரிவாளை அவள் கழுத்தில் வைக்கிறான். கதை மாறவில்லை. ஆயினும் உறங்கும் பெண்ணைக் கொல்பவனாக வீரன் தோன்றுவது இத்தகைய படைப்புகளில்தான் தொடங்குகிறது எனலாம்.

அந்திரோமேடாவின் நிறம்

அந்திரோமேடா எத்தியோப்பிய இளவரசி என்பது பெரும்பாலான நூல்களின் கூற்று. கிரேக்கர்கள் எத்தியோப்பியா என்று குறித்தது எகிப்துக்குத் தெற்கே இருந்த கரிய நிற மக்களின் நாட்டை. எனினும் கலையில் அவள் பெரும்பாலும் வெண்ணிறத்தாளாகவே காட்டப்பட்டாள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சாடி ஒன்றில் அவளைச் சூழ்ந்து நிற்கும் பணியாளர்கள் ஆப்பிரிக்க முகச்சாயலுடன் உள்ளனர். அவளோ கீழைநாட்டு உடை அணிந்த கிரேக்கப் பெண் போல் இருக்கிறாள். பொம்பெயி நகரின் தியோஸ்கூரி இல்லத்தில் கிடைத்து, இன்று நேப்பிள்ஸில் உள்ள புகழ்பெற்ற சுவரோவியத்திலும் அவள் வெளிறிய நிறத்தினளே. இது கிரேக்க ஓவியர் நிக்கியாஸ் வரைந்த ஓவியத்தின் படி என்று கருதப்படுகிறது.

இம்முரண்பாட்டைப் பழங்காலத்தவரே உணர்ந்திருந்தனர். ஹெலியோடோரஸ் எழுதிய 'எத்தியோப்பியக் கதை' என்னும் கிரேக்கப் புதினத்தில், எத்தியோப்பிய அரசி கருவுறும் வேளையில் வெண்ணிற அந்திரோமேடாவின் ஓவியத்தைப் பார்த்ததால் அவளுக்கு வெண்ணிறக் குழந்தை பிறக்கிறது. முழுப் புதினமும் அந்த ஓவியத்தின் மேல் கட்டப்பட்டதுதான். மறுபுறம், ஓவிட் தம் காதற் கவிதைகளில் அவளைக் கருநிறத்தாள் என்றே குறிப்பிட்டார். மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் ஓவிடை நன்கு படித்தவர்களே. ஆயினும் இச்செய்தியைப் பொருட்படுத்தவில்லை. ஆப்ரகாம் வான் டீப்பன்பேக் வரைந்து 1655இல் பாரிசில் வெளியான நூலொன்றில் இடம்பெற்ற கரிய அந்திரோமேடா அரிய விதிவிலக்கு. கலை வரலாற்றாளர் எலிசபெத் மெக்ராத் 1992இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இது ஆய்வாளர்களிடையே பரவலாகப் பேசப்பட்டது.

விண்மீன் வரைபடங்களில்

பெர்சியஸ், அந்திரோமேடா, செபியஸ், காசியோப்பியா ஆகிய நால்வரும் வடவானில் விண்மீன் குழுக்களாக உள்ளனர். பாரசீக வானியலாளர் அல்-சூஃபி ஏறத்தாழ 964இல் எழுதிய 'நிலைத்த விண்மீன்களின் நூல்' வழியாகப் பெர்சியஸ் இசுலாமிய உலகின் ஏடுகளில் இடம்பெற்றான். அங்கு அவன் பெயர் பேயின் தலையைச் சுமப்பவன். மெடூசாவை அறியாத ஓவியர்கள் அத்தலையைத் தாடி வைத்த ஆண் பூதத்தின் தலையாக வரைந்தனர். அத்தலையின் இடத்தில் உள்ள விண்மீனுக்கு வழங்கும் அல்கோல் என்ற பெயர் பேயைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இரட்டை விண்மீனான அல்கோல் ஏறத்தாழ 2.87 நாட்களுக்கு ஒருமுறை மங்கி மீள்கிறது. இதை வெறும் கண்ணாலேயே காணலாம்.

செல்லினியின் வெண்கலச் சிலை

பெர்சியஸ் உருவங்களுள் மிகவும் புகழ்பெற்றது இத்தாலியச் சிற்பி பென்வெனுட்டோ செல்லினி வார்த்த வெண்கலச் சிலையாகும். புளோரன்ஸ் கோமகன் முதலாம் கோசிமோ தெ மெடிச்சி 1545இல் இதைச் செய்யப் பணித்தார். 1554 ஏப்ரலில் லாஜியா தெய் லான்சி என்னும் திறந்த மண்டபத்தில் இது திறந்துவைக்கப்பட்டது. மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள இவ்வுருவத்தில் பெர்சியஸ் வலக்கையில் வாளும், உயர்த்திய இடக்கையில் தலையுமாக மெடூசாவின் உடல் மேல் நிற்கிறான். மார்பின் குறுக்கே செல்லும் வாரில் சிற்பியின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

சிலையை வார்த்த கதையைச் செல்லினி தம் தன்வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார். மெழுகு உருவத்தின் மேல் மண் அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் வெண்கலக் குழம்பை ஊற்றுவதே முறை. மெடூசாவின் உடல் முன்பே தனியாக வார்க்கப்பட்டிருந்தது. பெர்சியஸை உயர்த்திய கையோடும் தலையோடும் ஒரே வார்ப்பில் எடுக்க அவர் துணிந்தார். இது நடவாது என்று கோமகனே ஐயுற்றாராம். 1549இல் வார்ப்பு நாளன்று பட்டறைக் கூரை தீப்பிடித்தது. மறுபுறம் மழையும் காற்றும் புகுந்து உலையைக் குளிர்வித்தன. காய்ச்சலில் செல்லினி படுக்கையில் விழுந்தார். குழம்பு இறுகிவிட்டது என்று செய்தி வரவே எழுந்து ஓடி, உலர்ந்த ஓக்கு மரக்கட்டைகளை இட்டு உலையை மீண்டும் மூட்டினார். பின்னர் உலையின் மூடி வெடித்துத் திறந்தது. குழம்பு ஓட மறுத்தது. உடனே வீட்டிலிருந்த ஏறத்தாழ 200 வெள்ளீயத் தட்டுகளையும் கிண்ணங்களையும் ஒவ்வொன்றாக அதில் எறிந்ததாக எழுதுகிறார்.

செல்லினி தம் புகழைத் தாமே பாடத் தயங்காதவர். ஆகவே இக்கதையைச் சற்றுக் கழித்தே எடுத்துக்கொள்ள வேண்டும். எனினும் இதன் அடிப்படை பொறியியலுக்கு முரணானது அன்று. வெள்ளீயம் சேரச் சேர வெண்கலத்தின் உருகுநிலை குறையும். குழம்பும் எளிதில் ஓடும். அச்சின் அடியில் வெகுதூரத்தில் இருக்கும் வலது பாதத்தை மட்டும் குழம்பு சூடாகச் சென்றடையாது என்று அவர் முன்கூட்டியே கூறியிருந்தார். அச்சை உடைத்தபோது அப்பாதத்தின் விரல்களே குறைப்பட்டிருந்தன. அவற்றைப் பின்னர் செய்து சேர்த்தார்.

சிலை நின்ற இடத்துக்கு அரசியல் பொருள் உண்டு. மைக்கலாஞ்சலோவின் தாவீது அருகே நின்றது. கொடுங்கோலனின் தலையை ஒரு பெண் வெட்டும் டொனடெல்லோவின் யூடித் சிலை அதே மண்டபத்தில் இருந்தது. மெடிச்சி குடும்பத்தை விரட்டிய குடியரசு 1495இல் தன் வெற்றிச் சின்னமாக நிறுவிய சிலை அது. மீண்டும் ஆட்சிக்கு வந்த மெடிச்சிகள், ஆண் ஒருவன் பெண்ணின் தலையை உயர்த்திப் பிடிக்கும் சிலையை அதற்கு மறுமொழியாக வைத்தனர். ஆனால் அருகில் சென்று பார்த்தால் பெர்சியஸின் முகமும் மெடூசாவின் முகமும் உடன்பிறந்தார் போல் ஒத்திருக்கின்றன. இருவர் கண்களும் தாழ்ந்துள்ளன. வெற்றியின் பெருமிதம் அவன் முகத்தில் இல்லை. கோமகன் கேட்டது இதைத்தானா என்ற ஐயம் எழாமல் இருப்பதில்லை.

ஓவியர்களும் கனோவாவும்

மீட்புக் காட்சியே ஓவியர்களை மிகவும் ஈர்த்தது. பியேரோ டி கோசிமோ 1510களில் வரைந்த ஓவியத்தில் ஒரே பலகையில் பெர்சியஸ் மூன்று முறை வருகிறான்: பறக்கிறான், விலங்கின் முதுகில் நின்று வெட்டுகிறான், பின் விழாவில் கலந்துகொள்கிறான். டிஷியன் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்காக வரைந்த ஓவியத்தில் அவன் தலைகீழாகப் பாய்கிறான். ரூபன்ஸ், லெய்ட்டன் முதலியோர் அவனைப் பெகாசஸுடன் சேர்த்தனர். பழங்கதையில் அக்குதிரையை அடக்கியவன் பெலரோபோன் என்னும் வேறொரு வீரன். 1981இல் வெளியான 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' திரைப்படத்திலும் இக்கலப்பு தொடர்ந்தது.

வீரனையே விட்டுவிட்ட ஓவியங்களும் உண்டு. 1630 அளவில் ரெம்பிராண்ட் வரைந்த சிறிய ஓவியத்தில் பெர்சியஸும் இல்லை, விலங்கும் இல்லை. கைகள் கட்டப்பட்டு அஞ்சி நிற்கும் பெண் மட்டும் இருக்கிறாள். கரவாஜியோ 1597 அளவில் குவிந்த கேடயம் ஒன்றின் மேல் வெட்டுண்ட கணத்தில் அலறும் மெடூசாவை வரைந்தார். அதன் முன் நிற்பவர் பெர்சியஸ் நின்ற இடத்தில் நிற்கிறார்.

அந்தோனியோ கனோவாவின் பளிங்குச் சிலை 1801இல் முடிவுற்றது. வத்திக்கானின் பெருமையாக இருந்த பெல்வடேர் அப்பல்லோவை நெப்போலியனின் படை பாரிசுக்குக் கொண்டுபோயிருந்த காலம் அது. திருத்தந்தை ஏழாம் பயஸ் வெறுமையான அந்த இடத்துக்கு இச்சிலையை வாங்கினார். இதன் நிலையும் அப்பல்லோவையே பின்பற்றியது. அப்பல்லோ பின்னர் திரும்பி வந்தபோதும் பெர்சியஸ் அகற்றப்படவில்லை. இரண்டாம் படி நியூயார்க்கில் உள்ளது.

பிற்காலம்

பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமரான ஆர்தர் பால்ஃபோரின் வீட்டு அறைக்காக எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ் 1875இல் தொடங்கிய ஓவியத் தொடர், 1898இல் அவர் இறந்தபோதும் நிறைவுறவில்லை. அத்தொடரின் ஓர் ஓவியத்தில் பெர்சியஸும் அந்திரோமேடாவும் கிணற்று நீரில் மெடூசாவின் பிம்பத்தைக் குனிந்து பார்க்கின்றனர். போர் முடிந்துவிட்டது, மூன்று முகங்களும் நீரில் அமைதியாகத் தெரிகின்றன. பிரெஞ்சுச் சிற்பி கமீல் குளோடெல் 1900 அளவில் படைத்த பெர்சியஸ் சிலையில், வெட்டப்பட்ட தலைக்குத் தம் முகச்சாயலையே கொடுத்தார்.

லூசியானோ கர்பாட்டி 2008இல் செல்லினியின் சிலையைத் தலைகீழாக்கி, பெர்சியஸின் தலையை ஏந்திய மெடூசாவை உருவாக்கினார். 2020 அக்டோபரில் அதன் வெண்கலப் படி நியூயார்க் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள பூங்காவில் சில மாதங்களுக்கு வைக்கப்பட்டது. பாலியல் வன்முறைக்கு உள்ளானோரின் சின்னமாக இதைப் பலர் வரவேற்றனர். அவளைப் பலவந்தம் செய்தது கடல் தெய்வம் அன்றோ, பெர்சியஸின் தலை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. இச்சிலையில் மெடூசா தலையை உயர்த்திப் பிடிக்கவில்லை. வாளும் தலையும் இருபுறமும் தாழ்ந்து தொங்க, பழங்காலக் குவளைகளில் போலவே நேரே நம்மைப் பார்த்து நிற்கிறாள்.