மாடிப்படிக்குக் கீழே லித்தியம் பேட்டரி வேண்டாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்குவது இன்வெர்ட்டர். அதில் இப்போது லெட் ஆசிட் பேட்டரிக்குப் பதிலாக லித்தியம் அயன் பேட்டரியைப் பலர் கேட்கிறார்கள். எடை குறைவு, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. என் சித்தப்பாவும் வாங்கினார். பழைய பேட்டரி இருந்த மாடிப்படிக்குக் கீழேயே வைக்கலாம் என்றார். "லேப்டாப்பில் இருப்பதுதானே, மடியிலேயே வைத்துக்கொள்கிறோமே?" என்பது அவர் வாதம்.

வகை ஒன்றுதான், அளவுதான் வேறு. லேப்டாப் பேட்டரி சுமார் 50 வாட்-மணி. வீட்டுக்கான 5 கிலோவாட்-மணி பேட்டரி என்றால், நூறு லேப்டாப் பேட்டரிகள் ஒரே பெட்டியில்!

ஒவ்வொரு செல்லிலும் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் படலம் உள்ளது. சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் திரவம். படலம் கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகி, அந்தச் சூடு பக்கத்துச் செல்லையும் கெடுக்கும். இப்படியே சங்கிலியாகப் பரவும். நச்சு வாயுவும் வரும். அணைந்தது போலத் தோன்றி மீண்டும் எரியலாம்.

இதைத் தடுக்க உள்ளே பி.எம்.எஸ். என்ற குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்பீர்கள். அது மின்னழுத்தம், வெப்பநிலை இரண்டையும் கவனித்து, அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆனால் செல்லுக்குள்ளேயே கோளாறு இருந்தால்? மென்பொருள் எழுதுபவன் சொல்கிறேன், அங்கே எந்த மென்பொருளும் முழுக் காவல் அல்ல. 2006இல் டெல் நிறுவனம் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது, சோனி தயாரித்த செல்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்ததால்தான். வீட்டுச் சுவரில் மாட்டும் எல்.ஜி. பேட்டரிகளும் தீப்பிடிக்கும் அபாயத்தால் 2020, 2021இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன.

வாங்கும்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையா என்று கேளுங்கள். அது எளிதில் கட்டுமீறிச் சூடாகாது. ஆனால் எரியவே எரியாது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். லெட் ஆசிட்டுக்கான பழைய இன்வெர்ட்டரில் அப்படியே இணைக்கவும் கூடாது. சார்ஜ் செய்யும் முறை வேறு.

சரி, எங்கே வைப்பது? பிரிட்டனில் 2024இல் வந்த வழிகாட்டி விதிமுறை படுக்கையறை, மாடிப்படி, பரண் மூன்றையும் விலக்குகிறது. படிக்குக் கீழே தீப்பிடித்தால் மாடியில் தூங்குபவர்கள் எந்த வழியாக இறங்குவார்கள்? இதைக் கேட்டதும்தான் சித்தப்பா வழிக்கு வந்தார். பேட்டரி உப்பினாலோ, சீறும் சத்தமோ வாடையோ வந்தாலோ, எல்லோரும் வெளியேறி 101க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது பேட்டரி கொல்லைப்புறச் சுவரில், வெயிலும் மழையும் படாத இடத்தில், ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்கிறது. துணி காயப்போடும் கொடியை அவிழ்க்க வேண்டியதாயிற்றே என்று சித்திக்குத்தான் வருத்தம்.