துருவுக்குள் உறங்கும் காமெட்

நாகூரைத் தாண்டி வடக்கே வந்தால் கீழவாஞ்சூர். 2009-இல் இங்கே காரைக்கால் துறைமுகம் இயங்கத் தொடங்கியதிலிருந்து நிலக்கரி லாரிகளின் இரைச்சல் ஊருக்குப் பழகிவிட்டது. அந்த வரிசையில் வரும் அசோக் லேலண்டு வண்டிகளுக்கெல்லாம் மூதாதை ஒன்று உண்டு: 1951-இல் சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பூட்டி இறக்கிய லேலண்டு காமெட். அப்போது கீழவாஞ்சூர் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1954 நவம்பரில்தான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த வருடம் அந்தக் கம்பெனியும் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறியது.

அப்படியொரு வண்டி கடலோரத்தில் இருபது முப்பது வருடம் நின்றுபோனால் அதைக் கைவேலையாலேயே மீட்க முடியுமா? முடியும். எங்கே தொடங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எஞ்சினில் தொடங்கக் கூடாது. முதலில் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவ வேண்டும். கடல்காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பு போகாமல் மேலே பெயிண்ட் அடித்தால் துரு உள்ளுக்குள்ளேயே வளரும். இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் தேவை. சேசிஸில் ஒன்றன்மேல் ஒன்றாக ரிவிட் அடித்த தகடுகளுக்கு நடுவே துரு புகுந்தால், தடித்த தகட்டையே வளைத்துப் பிளந்துவிடும். அந்த ரிவிட்டை வெட்டி எடுத்து, தகட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ரிவிட்டை உலையில் செக்கச்சிவக்கக் காய்ச்சி, துளையில் செருகி, ஆறுவதற்குள் இரண்டு பேர் சேர்ந்து அடித்துத் தலை கட்ட வேண்டும். ஆறும்போது அது சுருங்கி, இரண்டு தகடுகளையும் கவ்விப் பிடிக்கும். வெல்டிங்கில் இந்த வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் பாரவண்டியின் சேசிஸ் ஓடும்போது முறுகிக் கொடுக்க வேண்டும். கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் அதன் ஓரத்திலேயே விரிசல் விடும்.

இறுகிப்போன எஞ்சினை ஸ்டார்ட்டர் போட்டு இழுப்பது கொலைக்குச் சமம். ஒவ்வொரு சிலிண்டரிலும் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். பிறகு கம்பி போட்டுக் கையால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். காமெட்டின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு 350 என்று பெயர். அது கன அங்குலக் கணக்கு; ஏறக்குறைய 5.7 லிட்டர். பிரித்த பிறகு கிராங்க்கைத் தேய்மானம் பார்த்து லேத் பட்டறையில் கிரைண்டிங் செய்வார்கள். பத்து, இருபது என்று அவர்கள் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. பத்து என்றால் கால் மில்லிமீட்டர். அந்த அளவுக்கு ஏற்ற தடித்த பேரிங் பொருத்த வேண்டும்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சோதிப்பதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கைப்பம்பை அழுத்தியதும் டீசல் சொட்டாமல், கிர்ரென்ற சத்தத்தோடு புகைபோலப் பீய்ச்ச வேண்டும். அதன் எதிரே மட்டும் விரலை நீட்டக் கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேபின் ஒரு தனிக் கதை. அக்காலத்தில் கம்பெனி பெரும்பாலும் சேசிஸாகத்தான் விற்கும். மரச்சட்டம் அறுத்து, தகடு தட்டி, மீதியைக் கட்டியது நம்மூர் ஆசாரிகளும் டிங்கர்களும். அதனால் ஒரு வண்டிபோல இன்னொன்று இராது. இந்தக் காரணத்துக்காகவே பழைய லாரியைப் பழைய காரைவிட மேலான கைவினைச் சான்றாக நான் மதிக்கிறேன்.

சட்டம் அப்படி மதிக்கவில்லை. 50 வருடம் கடந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் இருசக்கர வாகனங்களுக்கும் சொந்த உபயோகக் கார்களுக்கும் மட்டுமே. லாரிக்கு அதில் இடமில்லை. நெல்லும் உப்பும் சுமந்த வண்டிக்கும் அந்தப் பட்டியலில் இடம் தர வேண்டும்.

உங்கள் ஊர்ப் பட்டறைக்குப் பின்னால் முன்மூக்கு நீண்ட லேலண்டு ஒன்று கிடந்தால், இரும்புக்கடைக்குப் போகும் முன் அதன் சேசிஸ் நம்பரைக் குறித்து, நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அதை ஓட்டிய பெரியவர் ஊரில் இருந்தால், இரட்டைக் கிளட்ச் மிதித்து கியர் மாற்றுவது எப்படி என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.