வெள்ளிக்கிழமை என்ற பெயருக்குள் ஒரு ரோமானியத் தெய்வம்

டிசம்பர் பிறந்துவிட்டால் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் காலண்டர்கள் தொங்கத் தொடங்கிவிடும். சாமி படம் போட்டது, இயற்கைக் காட்சி போட்டது, கஅபா படம் போட்டது என எல்லாம் ஒரே கயிற்றில் ஆடும். அதே நாட்களில் நம் கைபேசிகளிலும் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும். 'ஜனவரி என்பது ரோமானியர்களின் தெய்வத்தின் பெயர், அதைச் சொல்வதே கூடாது' என்று அது சொல்லும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் என் பிறந்த தேதியை எப்படி எழுதுவது?" என்று கேட்கும். பல வீடுகளில் இதற்குப் பதில் இல்லை.

செய்தியில் உண்மை இருக்கிறது. ஜனவரி மாதம் ஜேனஸ் என்ற ரோமானியத் தெய்வத்தின் பெயரால் வந்ததுதான். வாசல்களுக்கும் தொடக்கங்களுக்கும் உரிய தெய்வம், இரண்டு முகம் கொண்டது என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் நாம் கவனிக்க மறந்த ஒன்று உண்டு. ரோமானியத் தெய்வங்களைத் தேடி ஆங்கில மாதங்கள் வரை போக வேண்டியதில்லை. ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது "இன்று வெள்ளிக்கிழமை" என்கிறோமே, அந்தத் தமிழ்ப் பெயருக்குள்ளேயே ஒரு தெய்வம் இருக்கிறது.

ரோமானியர்களிடம் முதலில் ஏழு நாள் வாரம் இருக்கவில்லை. எட்டு நாள் சுழற்சியில் சந்தை கூடும் முறையே இருந்தது. ஏழு கோள்களின் பெயரால் நாட்களை எண்ணும் வழக்கம் கிரேக்க மொழி வழங்கிய எகிப்து, சிரியா பகுதிகளிலிருந்து வந்து, மெல்ல மெல்ல அந்தப் பேரரசு முழுவதும் பரவியது. எரிமலைச் சாம்பலில் கி.பி. 79-ல் புதைந்துபோன பொம்பெயி நகரத்தின் சுவரில் யாரோ ஒருவர் இந்த ஏழு பெயர்களையும் வரிசையாகக் கிறுக்கி வைத்திருக்கிறார். சாட்டர்ன், சூரியன், சந்திரன், மார்ஸ், மெர்க்குரி, ஜூபிட்டர், வீனஸ். இவற்றைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஒன்றுகூட இடம் மாறவில்லை.

சாட்டர்ன் விதைப்புக்கும் விளைச்சலுக்கும் உரிய பழைய தெய்வம். டிசம்பர் 17-ல் தொடங்கும் அதன் திருவிழாவில் எஜமானர்களும் அடிமைகளும் ஒன்றாக அமர்ந்து உண்பார்கள். மார்ஸ் போருக்கு உரியது. மெர்க்குரி வணிகர்களின் தெய்வம், ஜூபிட்டர் தெய்வங்களின் அரசன், வீனஸ் காதலுக்கும் அழகுக்கும் உரிய பெண் தெய்வம். காரைக்கால், புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். வெள்ளிக்கிழமைக்கு அவர்கள் 'வாந்த்ரெதி' என்பார்கள். வீனஸின் நாள் என்பதே அதன் பொருள். நாம் வானத்தில் பார்க்கும் வெள்ளிக் கோளும் அதே வீனஸ்தான்.

இதில் நம்மை வியக்க வைப்பது 'கிழமை' என்ற சொல். கிழமை என்றால் உரிமை. இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமையைக் கிழமைப் பொருள் என்று படித்திருப்போம். கிழான், கிழவன் என்றால் உரியவன், சொந்தக்காரன். ஆக வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கு உரிய நாள். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வானத்தில் ஒரு சொந்தக்காரன் உண்டு என்ற நம்பிக்கையைச் சொல் அப்படியே ஏந்திக்கொண்டு நிற்கிறது.

இந்த வரிசை எப்படி வந்தது?

வானத்தில் கோள்கள் இருக்கும் வரிசைக்கும் வாரநாட்களின் வரிசைக்கும் பொருத்தமே இல்லையே என்று அறிவியல் படிக்கும் பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. விடை தினசரி காலண்டரிலேயே இருக்கிறது.

அன்றைய வானியலார் கோள்களைத் தொலைவின்படி வரிசைப்படுத்தினார்கள். எல்லாவற்றிலும் தூரமானது சனி. அடுத்து வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன். மிக அருகில் சந்திரன். பூமிதான் நடுவில் என்று அவர்கள் எண்ணிய காலம் அது. நாளின் 24 மணி நேரத்தில் ஒவ்வொரு மணியையும் இந்த வரிசைப்படி ஒரு கோள் ஆள்வதாக வைத்தார்கள். முதல் மணியை ஆளும் கோளின் பெயரே அந்த நாளின் பெயர்.

வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். சூரிய உதயத்தில் முதல் மணி சுக்கிரனுக்கு, அதாவது வெள்ளிக்கு. அடுத்த மணி புதனுக்கு, பிறகு சந்திரன், சனி, குரு எனப்படும் வியாழன், செவ்வாய், சூரியன். ஏழு முடிந்ததும் மறுபடி சுக்கிரன். மூன்று சுற்றுக்கு 21 மணி. 22 சுக்கிரன், 23 புதன், 24 சந்திரன். 25-ஆம் மணி, அதாவது மறுநாளின் முதல் மணி சனிக்கு வருகிறது. அதனால்தான் வெள்ளிக்கு அடுத்து சனிக்கிழமை. காகிதமும் பேனாவும் இருந்தால் பிள்ளைகளையே மற்ற நாட்களுக்கும் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

காலண்டரில் இதை 'ஓரை' அல்லது 'ஹோரை' என்று அச்சடிக்கிறார்கள். மணி, பொழுது என்ற பொருளுள்ள 'ஹோரா' என்ற கிரேக்கச் சொல்லே அது என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது.

திருச்சிக்கும் யவனர்களுக்கும்

கிரேக்க, ரோமானிய நாட்டு வணிகர்களைத் தமிழர்கள் யவனர் என்றார்கள். சத்திரத்திலிருந்து சற்று தூரத்தில் இருக்கும் உறையூர் அவர்கள் அறிந்த ஊர்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிப் பயணக் கையேடு ஒன்று 'அர்கரு' என்ற ஊரையும் அதன் மெல்லிய பருத்தித் துணியையும் குறிப்பிடுகிறது. அது உறையூரே என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். இன்றும் உறையூரில் தறிச் சத்தம் கேட்கிறது.

அந்த வணிகர்கள் தங்கள் தெய்வங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். முசிறித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிய ஒரு கப்பலின் பெயர் 'ஹெர்மபொல்லோன்'. ஹெர்மஸ், அப்பொல்லோ என்ற இரண்டு கிரேக்கத் தெய்வங்களைச் சேர்த்து வைத்த பெயர். வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாள் ஒன்றில் இந்தக் கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது. (இது சத்திரத்தில் பேருந்து ஏறிப்போகும் நம் மாவட்டத்து முசிறி அல்ல, கேரளத்தில் கொடுங்கல்லூர் பக்கம் இருந்த பழைய சேர நாட்டுத் துறைமுகம்.) பழைய ரோமானியச் சாலை வரைபடம் ஒன்றின் பிற்காலப் பிரதியில், முசிறிக்குப் பக்கத்திலேயே அகஸ்டஸ் பேரரசனுக்கான கோயில் என்று ஒரு கட்டடம் வரையப்பட்டிருக்கிறது. ஆம், ரோமானியர்கள் தங்கள் அரசனையும் தெய்வமாக்கிக் கோயில் கட்டினார்கள். எதிர்த் திசையிலும் சரக்கு போனது. எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் செராப்பிஸ் என்ற தெய்வத்தின் கோயில் முற்றத்தில் இந்தியச் சாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் ஏறக்குறைய ஏழரைக் கிலோ மிளகு!

ஆனால் கிழமைப் பெயர்கள் இந்தக் கப்பல்களில் ஏறி நேராக உறையூருக்கு வந்து இறங்கின என்று சொல்லிவிட முடியாது. அவை நூல்கள் வழியாக வந்தவை. கிரேக்க ஜோதிடம் 'யவனஜாதகம்' போன்ற நூல்களாகச் சமஸ்கிருதத்தில் எழுதப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராஹமிஹிரர் யவனர்களின் வானியல் அறிவை மதித்துப் பேசுகிறார். அவர் தொகுத்த ஐந்து சித்தாந்தங்களில் ஒன்றின் பெயரே ரோமக சித்தாந்தம். இந்தியக் கல்வெட்டுகளில் கிழமையோடு தேதி குறித்த மிகப் பழையது மத்தியப் பிரதேசத்து ஏரண் தூண் கல்வெட்டு. ஆண்டு கி.பி. 484, நாள் வியாழன். சங்கப் புலவர்களும் வெள்ளிக் கோளை அறிந்திருந்தார்கள், மழையோடு சேர்த்துப் பாடினார்கள். ஆனால் அது ஒரு நாளின் சொந்தக்காரனாக ஆனது பின்னால்தான்.

நம் அறிஞர்களுக்கும் இது தெரியாத செய்தி அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, இங்குள்ள கிழமைப் பெயர்களையும் ஓரைகளின் அதிபதிகளையும் விவரித்திருக்கிறார்.

அப்படியானால் சொல்லலாமா?

அரபு மொழி இந்தக் கோள்களைத் தொடவே இல்லை. அஹத், இஸ்னைன், ஸுலஸா, அர்பிஆ, கமீஸ் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிவிட்டு, ஜும்ஆ, ஸப்து என்று முடிக்கிறது. ஜும்ஆ என்றால் ஒன்றுகூடுதல். அதற்கு முன் அந்த நாளை அரபிகள் 'அரூபா' என்று அழைத்தார்கள். மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவினர்கள் இஸ்னின், செலாசா, ரபு என்று சொல்வதும் இதே அரபு எண்ணிக்கைதான். ஐரோப்பாவிலும் இப்படி ஒரு மொழி உண்டு. போர்ச்சுகீசியர்கள் திங்களை இரண்டாம் நாள் என்றும் வெள்ளியை ஆறாம் நாள் என்றும் சொல்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற கிறிஸ்தவ ஆயர், பொய்த் தெய்வங்களின் பெயரால் நாட்களை அழைக்கக் கூடாது என்று வாதாடியவர்.

ஆனால் திருச்சியில் வீட்டில் உருது பேசும் குடும்பங்களைக் கவனியுங்கள். 'ஜுமா', 'ஜுமேராத்' என்பவர்கள், செவ்வாய்க்கும் புதனுக்கும் 'மங்கள்', 'புத்' என்றே சொல்கிறார்கள். இரண்டும் கோள்களின் பெயர்கள். தலைமுறை தலைமுறையாக ஆலிம்கள் வாழ்ந்த வீடுகளிலும் இந்தப் பேச்சுதான்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். சூரியனின் அடிமை என்று பொருள்படும் 'அப்து ஷம்ஸ்' என்ற பெயர் அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு முன்பு இருந்ததாகவும், இஸ்லாத்துக்கு வந்தபின் அது அப்துர் ரஹ்மான் என்று மாற்றப்பட்டதாகவும் பரவலாக அறிவிக்கப்படுகிறது. அடிமை யாருக்கு என்ற கேள்வி அந்தப் பெயரில் இருந்தது. ஆனால் ரமலான், ஷவ்வால், ஸஃபர் போன்ற மாதப் பெயர்கள் இஸ்லாத்துக்கு முன்பே வழங்கியவை, அப்படியே நீடித்தன. உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 17-ஆம் ஆண்டு வாக்கில் ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தியபோதும் மாதப் பெயர்களில் கை வைக்கவில்லை. வியாழக்கிழமை என்று சொல்கிற நம்மில் எவரும் ஜூபிட்டரை நினைப்பதில்லை. பெயர் காலியாகிவிட்டது, கூடு மட்டும் இருக்கிறது. ஜனவரியும் அப்படித்தான். பிள்ளை தேதியைத் தாராளமாக எழுதட்டும்.

நம் கவலை வேறு இடத்தில். பெயரிலிருந்து தெய்வம் போய்விட்டது, ஓரையிலிருந்து போகவில்லை. 'இந்த மணியை இந்தக் கோள் ஆள்கிறது, ஆகவே இது நல்ல நேரம், அது கெட்ட நேரம்' என்று காலண்டர் இன்றும் சொல்கிறது. சனியின் நாளில் பயணம் கிளம்ப ரோமானியர்களும் தயங்கினார்கள் என்பது அவர்களின் கவிதைகளிலிருந்து தெரிகிறது. இரண்டாயிரம் ஆண்டு கழித்து நம் வீடுகளில் சிலர், "சனி ஓரை முடியட்டும், அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் பண்ணலாம்" என்கிறார்கள். நிக்காஹுக்கு மண்டபம் பிடிக்கும்போதும், புது வீட்டில் பால் காய்ச்சும்போதும், கடை திறக்கும்போதும் கண் காலண்டரின் கீழ்ப்பகுதிக்குப் போகிறது. ஜனவரி என்று சொல்லலாமா என்று தயங்குகிற அதே வீட்டில் இதுவும் நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. (இராகு காலத்தை மட்டும் ரோமானியர் தலையில் கட்டிவிட முடியாது. அது இங்கேயே சேர்ந்தது.)

ஹுதைபிய்யாவில் ஓர் இரவு மழை பெய்த பிறகு, மழை அல்லாஹ்வின் அருளால் பெய்தது என்றவர் அவனை நம்பியவர், இன்ன நட்சத்திரத்தால் பெய்தது என்றவர் நட்சத்திரத்தை நம்பியவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. மகனின் மரணத்துக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று, துக்கத்திலும் அவர்கள் திருத்தினார்கள்.

ஒடுக்கத்துப் புதனையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதனில் பலாய் இறங்குகிறது என்று மாவிலையில் எழுதிக் கரைத்துக் குளிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இதற்கும் கிரேக்கத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரு நாளுக்கே தீமை ஒட்டியிருக்கிறது என்ற எண்ணம் அதே எண்ணம்தான். பறவைச் சகுனமும் இல்லை, ஸஃபரில் பீடையும் இல்லை என்று நபிமொழி தெளிவாக மறுத்த ஒன்று அது.

வானத்தைக் கணக்கிடுவது வேறு. லுஹருக்கு நேரம் பார்ப்பதும், பிறையைக் கணிப்பதும், கிப்லாவைக் கண்டுபிடிப்பதும் வானியல்தான். அதில் முஸ்லிம்கள் கிரேக்க நூல்களையே அரபியில் பெயர்த்துப் படித்து, திருத்தி, மேலே கொண்டுபோனார்கள்.

இன்னொன்றும் உண்டு. வியாழன் மஃரிபுக்குப் பிறகு நம் வீட்டுப் பெரியவர்கள் 'வெள்ளி ராவு' என்பார்கள். நமக்கு நாள் மஃரிபில் தொடங்குகிறது. ஓரைக் கணக்கிலோ நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும். காலண்டர்படி அப்போது இன்னும் குருவின் நாள். இங்கேயோ வெள்ளி ராவு தொடங்கி, பிள்ளைகளைக் கஹ்ஃப் சூரா ஓத உட்கார வைத்திருப்பார்கள்.