டார்ச் விளக்குகள் சூடேறி அற்பாயுளில் கெடுவது

(செஞ்சி விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

சென்ற மாசி மாதத்தில் ஓரிரவு, செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள ஒரு கிராமத்தில், மணிலாக் கொல்லையில் காட்டுப்பன்றிகள் செய்திருந்த சேதத்தைப் பார்வையிட்டு, நிலத்துக்குடைய பெரியவருடன் வரப்பின் வழியே திரும்பிக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த டார்ச் புறப்படும்போது கண்ணைக் கூசச் செய்தது. கால் மணி நேரத்திற்குள் அதன் ஒளி மங்கி, இருமுறை கண்சிமிட்டி, அடியோடு அணைந்துபோயிற்று. அதே சமயத்தில் முன்னால் பலத்த சீறல் கேட்டது. "ஐயா, காலை எடுக்காதீர்கள்" என்று பெரியவர் என் கையைப் பற்றினார். என் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தபோது, நான்கடி தூரத்தில் ஒரு கண்ணாடிவிரியன் வரப்பின் குறுக்கே சுருண்டு கிடந்தது.

வேறு வழியாக வீடு சேர்ந்த பிறகு அந்த டார்ச்சின் விசையை அழுத்தினோம். ஒன்றும் நடவாததுபோல் அது பிரகாசமாய் எரிந்தது! "இரண்டு மாதத்துக்குள் இப்படி ஆகிவிட்டது, ஐயா. இது மூன்றாவது விளக்கு. பாட்டரி சரியில்லை என்று கடைக்காரர் சொல்லுகிறார்" என்றார் பெரியவர். மறுநாள் அதைப் பிரித்துப் பார்த்ததில் பாட்டரியின்மேல் குற்றமில்லை என்று தெரிந்தது. அதன் விவரத்தை மற்றக் குடியானவர்களும் அறிந்திருத்தல் நலமென்று இதை எழுதலானேன்.

இவ்விஷயம் அற்பமென்று எண்ணற்க. 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். நமது ராஜ்ய அரசாங்கத்தார் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்படவேண்டிய நோயாகப் பிரகடனம் செய்திருக்கிறார்கள். இரவில் மோட்டார் போடவும், மடை திறக்கவும், காவலிருக்கவும் செல்லுகிறவனுக்கு நல்ல விளக்கும், காலில் பூட்ஸும், கையில் ஒரு தடியுமே முதற் காப்பு.

பழைய டார்ச்சுகளில் இருந்த சிறு பல்பில் ஒரு கம்பியிழை உண்டு. அது 2,000 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வெண்மையாகக் காய்ந்து ஒளி கொடுத்தது. சூடாயிருப்பதே அதன் தொழில். அந்தச் சூட்டில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வெளிச்சத்தோடு முன்புறமே போய்விடும். இப்போதுள்ள எல்.இ.டி. என்னும் ஒளி உமிழும் டயோடின் சுபாவம் இதற்கு நேர் விரோதமானது. நீல ஒளி தரும் ஒரு சிறு சில்லின்மேல் மஞ்சள் நிறப் பூச்சொன்றைத் தடவி வெள்ளை ஒளி உண்டாக்குகிறார்கள். இந்த நீல டயோடைக் கண்டுபிடித்ததற்காக அகாஸாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அந்தச் சில்லு கேழ்வரகு மணியளவுதான் இருக்கும். அதற்குள் செல்லும் மின்சக்தியில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரையில் ஒளியாகும். மீதி முழுவதும் உஷ்ணமாகி அந்த மணிக்குள்ளேயே நிற்கும். அது வெளிச்சத்தோடு முன்னே போகாது. பின்புறமாக உலோகத்தின் வழியே வடிந்தால்தான் உண்டு.

வடிகாலில்லாத வயலில் நாற்று அழுகுவதை நாம் அறிவோம். ஈர வைக்கோலைப் போர் போட்டால் உட்சூடு வெளியேற வழியின்றிக் கருகுவதும் தெரிந்ததே. டயோடின் கதியும் இதுதான். உஷ்ணம் முதலில் சில்லிலிருந்து அதன் அடித்தகட்டுக்கும், பிறகு டார்ச்சின் தலைப்பாகத்துக்கும், அங்கிருந்து காற்றுக்கும், பிடித்திருக்கும் கைக்கும் போகவேண்டும். இவ்வழியில் எங்கே அடைப்பு நேர்ந்தாலும் சூடு தேங்கும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக் உஷ்ணத்தைக் கடத்துவது ஆயிரத்தில் ஒரு பங்கே. இரண்டு தகடுகளுக்கிடையே நிற்கும் மெல்லிய காற்றோ அதனினும் கேடு. சில்லின் உள்ளுஷ்ணம் 125 முதல் 150 டிகிரியைத் தாண்டலாகாது என்பது செய்வோர் விதிக்கும் எல்லை. பெட்டியின்மேல் அச்சிடும் பல்லாயிரம் மணி நேர ஆயுள் அதற்கு வெகுவாகக் குறைந்த சூட்டில் எரித்தால் கிடைப்பதாகும்.

பெரியவரின் டார்ச்சைச் செஞ்சிக் கடைத்தெருவில் ரிப்பேர் தொழில் செய்யும் ஓர் இளைஞரிடம் கொண்டுபோனேன். தலைப்பாகம் பிளாஸ்டிக், அதற்கு அலுமினியம்போல் மினுக்கும் வர்ணம் மட்டும் பூசியிருந்தது. டயோடின் தகட்டை நான்கு சொட்டுப் பசையால் ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் ஒட்டியிருந்தார்கள். பின்னால் வெறும் காற்று. பற்றவைத்த ஈயம் ஓரிடத்தில் கறுத்து விண்டிருந்தது. சூடேறினால் அந்த இணைப்பு விலகும். ஆறினால் மீண்டும் கூடும். இரவில் அணைந்த விளக்கு வீட்டில் எரிந்ததன் ரகசியம் இதுவே. வர்ணம் பூசி அலுமினியம் என்று நம்பச் செய்தவர்களை என்னவென்று சொல்வது!

இன்னொரு குறையும் இருந்தது. 4 வோல்ட் ஈயப் பாட்டரியிலிருந்து மின்சாரம் விசையின் வழியாக நேரே டயோடுக்குச் சென்றது. அதைக் கட்டுப்படுத்த ஏதுமில்லை. டயோடு சூடேற ஏற அதன் வோல்ட் தேவை குறையும். அதனால் அதே பாட்டரியிலிருந்து இன்னும் அதிக மின்சாரம் பாயும். அதனால் இன்னும் சூடேறும். மடையில்லாத ஏரியைப்போல, நிரம்பிய பாட்டரி இருக்கும்போதே சேதம் மிகுதி. இப்போதுதான் சார்ஜ் செய்தேன், அதற்குள் போய்விட்டது என்று பலர் முறையிடுவதன் காரணம் இதுதான்.

வாங்குமுன் சோதிப்பது எப்படி என்று கேட்பீர்கள். கடையிலேயே பத்து நிமிஷம் எரியவிட்டுத் தலைப்பாகத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சூடு தெரியாவிட்டால் நல்ல விளக்கென்று பலர் நினைப்பது தப்பு. பெரும் பிரகாசமுள்ள விளக்கின் கழுத்து வெதுவெதுப்பாக ஆகவேண்டும். உள்ளிருக்கும் உஷ்ணம் வெளியே வருகிறதென்பதற்கு அதுவே சாட்சி. ஒளி மங்கிக்கொண்டே வந்து கழுத்து மட்டும் குளிர்ந்திருந்தால் உஷ்ணம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறதோவென்று சந்தேகிக்க வேண்டியது. விலையுயர்ந்த சில விளக்குகள் சூடு மிஞ்சினால் தாமே ஒளியைக் குறைத்துக்கொள்ளும்படி அமைந்தவை. அது குற்றமன்று, குணமே.

வீட்டில் மங்கும் விளக்குக்குப் பாட்டரி காரணமா, சூடு காரணமா என்று அறிய ஓர் உபாயமுண்டு. அலுமினியத் தலையுள்ளதாயின், எரிந்துகொண்டிருக்கையிலேயே, விசைக்குள் நீர் இறங்காமல், கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றவேண்டும். சில நிமிஷத்தில் ஒளி திரும்பினால் சூடுதான் காரணம். திரும்பாவிட்டால் நன்றாகச் சார்ஜ் செய்த வேறு பாட்டரியைப் போட்டுப் பார்க்கலாம். ஒளி நிரந்தரமாக நீலம் பாரித்துவிட்டாலும், டயோடின் மஞ்சள் முகத்தில் கருத்த புள்ளி தோன்றினாலும் அந்த டயோடு வெந்துபோயிற்று. மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

பெட்டியில் அச்சிட்டதைச் சரிபார்க்கக் கணக்கு ஒன்று போதும். 18650 என்னும் லித்தியம் பாட்டரி 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. அதில் 2,000 மில்லி ஆம்பியர்-மணி அடங்குமாயின், 3.7 வோல்ட்டால் பெருக்க, 7.4 வாட்-மணி வரும். 10 வாட் விளக்கு, ஆறு மணி நேரம் எரியும் என்றால் 60 வாட்-மணி வேண்டும். குடத்துக்குள் கிணறு அடங்குமோ? இவ்வளவுள்ள பாட்டரியில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அப்பாட்டரியை மட்டுமன்றி அவ்விளக்கையும் நம்பவேண்டாம். இந்திய தரநிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 என்னும் எண்ணும் முத்திரையும் பாட்டரியின்மேல் உண்டா என்று பார்த்து வாங்குதல் உத்தமம்.

பெரியவரின் விளக்கைச் செப்பனிட்ட விவரம் வருமாறு: தடித்த அலுமினியத் தகட்டில் தலைப்பாகத்தின் உள்ளளவுக்கு ஒரு வில்லை வெட்டி, டயோடின் தகட்டை அதன்மேல் இரண்டு திருகாணிகளால் இறுக்கி, இடையில் உஷ்ணங்கடத்தும் வெண்பசையைத் தடவினோம். பசை காகிதத்தினும் மெல்லியதாக இருக்கவேண்டும். இடுக்கிலுள்ள காற்றைப் போக்குவதே அதன் வேலை, கனமாக அப்பினால் அதுவே தடையாகும். பிறகு 2 ஓம் அளவுள்ள ஒரு ரெஸிஸ்டரை மின்வழியில் சேர்த்தோம். முன்னே ஏறக்குறைய ஓர் ஆம்பியர் பாய்ந்தது, அரை ஆம்பியருக்குச் சற்றுக் கீழே இறங்கிற்று. மின்சாரம் பாதியானால் ஒளி பாதிக்குக் கீழே போவதில்லை; கண்ணுக்கு அந்த வித்தியாசமும் சொற்பமே. உடல் முழுதும் பிளாஸ்டிக்காகையால் இது அரைகுறைப் பரிகாரமென்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இப்போது ஒரு மணி நேரம் விடாமல் எரிகிறது. "முன்போல் கண்ணைப் பறிக்கவில்லையே" என்று பெரியவர் முதலில் குறைப்பட்டார். வரப்பின்மேல் நடந்து பார்த்தபின் ஒன்றும் சொல்லவில்லை.

உபயோகிக்கும் முறையிலும் தவறுகள் உண்டு. சித்திரை வைகாசியில் ராஜகிரி, கிருஷ்ணகிரிப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும். அந்நாட்களில் டார்ச்சை மோட்டார் கொட்டகையின் தகரக் கூரையடியிலோ, மோட்டார் சைக்கிளின்மேல் வெயிலிலோ வைத்தலாகாது. கழுத்திலுள்ள வரிப்பள்ளங்களில் சேறு காய்ந்திருந்தால் துடைக்கவேண்டும். துணியால் சுற்றி எரிக்கவேண்டாம். கையில் பிடித்திருப்பது உண்மையில் விளக்குக்கு நன்மை. கை சூட்டை வாங்கிக்கொள்ளும். உச்ச ஒளியைத் தேவையானபோது மட்டும் வைத்து, நடப்பதற்குக் குறைந்த ஒளியைக் கொள்ளலாம்.

சுவரில் நேரே செருகும் மடக்கு முள் உள்ள விளக்குகளில் பலவற்றுக்கு, வீட்டு மின்சாரத்தைப் பிரித்து நிறுத்தும் சுருள் உள்ளே இல்லை. ஆகவே செருகியிருக்கையில் பிரித்தலும், ஈரக்கையால் தொடுதலும் உயிருக்கு அபாயம். செருகியபடி எரியவிடுதலும் கூடாது. பாட்டரி பழுதாயிருந்தால் வோல்ட்டைத் தாங்கி நிறுத்த ஏதுமின்றி டயோடுகள் கெடும். ஈயப் பாட்டரியை முற்றும் வடியவிட்டுப் பல நாள் வைத்தால் அது மீளாது. லித்தியம் பாட்டரி உப்பினாலோ நசுங்கினாலோ அன்றே விலக்கவேண்டும். வைக்கோல், படுக்கை ஆகியவற்றின் அருகே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது.

இவ்வளவு காப்பிருந்தும் கடி நேர்ந்துவிட்டால், கடிவாயைக் கீறுதலும் கயிற்றால் இறுகக் கட்டுதலும் வேண்டாம். கடிபட்ட அங்கத்தை அசையவிடாமல் 108 வண்டியை அழைத்து விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ தெரியாமலும் இருக்கலாமாகையால், வலியில்லையென்று வீட்டில் தங்கிவிடலாகாது.

கெட்ட பாட்டரிகளைக் குப்பைக் குழியில் எறியும் வழக்கம் நமது கிராமங்களில் உண்டு. அக்குழியின் எருவே பிறகு நிலத்துக்குப் போகிறது; ஈயமும் அதனுடன் போகும். 2022-ம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விப்பது உற்பத்தியாளர் கடமை. கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் பள்ளிக்கூடத்திலோ ஊராட்சி ஆபீஸிலோ ஒரு மூடியுள்ள பெட்டி வைத்து, நிறைந்தவுடன் பாட்டரி வியாபாரிகளிடம் சேர்ப்பித்தால் காரியம் எளிதாகும். லித்தியம் பாட்டரிகளை அதில் போடுமுன் இரு முனைகளையும் இன்ஸுலேஷன் டேப்பால் ஒட்டிவிடவேண்டும்.